பெருக்கமரமும் பேசும் பொறியும்

மரங்கள் தாம் நிற்கும் நிலத்தின் செய்தியோடு தாம் புறப்பட்ட நிலத்தின் செய்தியையும் சுமந்து நிற்பன. மன்னார்த் தீவில் உப்புக்குளத்திற்கு அணித்தாயுள்ள பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் இதற்குச் சான்று. அதன் உயரம் ஏறத்தாழ 7.5 மீற்றர், அடிமரத்தின் சுற்றளவோ 19 மீற்றரையும் கடந்தது. 1477ஆம் ஆண்டில் அராபிய வணிகர் அதனை நட்டனர் என்பது மரபுவழிச் செய்தி. மன்னார் வீதிகளிலே திரியும் கழுதைகளும் அவ்வணிகரோடு வந்தனவே என்பர். இம்மரத்தின் தாயகம் ஆபிரிக்கக் கண்டம். தமிழில் இதற்குப் பப்பரப்புளி என்றும் ஒரு பெயர் உண்டு. பப்பரர் என்னுஞ் சொல் அயல்நாட்டார் ஒருசாராரைக் குறிக்கத் தமிழில் வழங்கியதாகலின், மரம் வந்த வழி அதன் பெயரிலேயே பொறிக்கப்பட்டது எனக் கொள்ள இடமுண்டு.

மேலை ஆபிரிக்காவிலுள்ள செனகல் நாட்டில், குடிமரபையும் போர்ச்செய்தியையும் நாவினால் ஓதிக் காத்த பாணர் இறந்துபடின், அவர்தம் உடலை மண்ணிற் புதையாது பெருக்கமரத்தின் பொந்தில் வைக்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. மக்களின் நினைவைக் காத்தோர்க்கு மரமே கல்லறையாயிற்று. அம்மரம் கடல்கடந்து மன்னாருக்கு வந்தது. அஃது வந்த கடல்வழியே மாந்தரும் இலங்கைக்கு வந்தனர். மரத்தின் வயதைக் கூற இன்று ஒரு பலகை நிற்கின்றது. அம்மாந்தரின் கதையைக் கூற எது நிற்கின்றது?

இவ்வினா ஈழத்திற்கு மட்டும் உரியதன்று. ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் உலகில் எங்கெங்கு வாழ்கின்றனரோ அங்கெல்லாம் எழுவது. விற்பனைப் பத்திரம், படைப்பட்டியல், குடிசன மதிப்பு, நிழற்படம், கணினி எனக் காலந்தோறும் தோன்றிய கருவிகள் அவர்களைக் குறித்தன, எண்ணின, வகுத்தன. ஆயின் அக்கருவிகள் பெரும்பாலும் பிறர் கையிலேயே இருந்தன. பிறர் கையிலிருந்த கருவியைத் தம் கையிற் கொண்டு, தம்மைத் தாமே உரைக்கக் கறுப்பின மக்கள் செய்த முயற்சியின் வரலாறே ஈண்டு ஆராயப்படுவது. அவ்வரலாற்றின் அண்மைக்கால அதிகாரத்தை எழுதுவோருள் ஒருவர் அமெரிக்க நாட்டுக் கணினிக் கலைஞராகிய ஸ்தெபனி டின்கின்ஸ் அம்மையார். அவர்தம் பணியின் பொருளை உணர்தற்கு, நம் கரையிலிருந்தே தொடங்குதல் தகும்.

ஆபிரிக்கருக்கும் இலங்கைக்கும் இடையே இருந்த தொடர்பு அடிமை வாணிகத்தோடு தொடங்கியதன்று. கி. பி. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வணிகராகிய கொஸ்மஸ், இத்தீவின் துறைமுகங்களுக்கு இந்தியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் எதியோப்பியாவிலிருந்தும் மரக்கலங்கள் வந்தன எனக் குறித்தார். அக்காலத்துப் பெருந்துறைகளுள் ஒன்று மன்னார்த் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள மாதோட்டம். 1980 முதல் 1984 வரை அங்கு நிகழ்ந்த அகழாய்வு, மேற்கே பாரசீக வளைகுடாவையும் கிழக்கே சீனத்தையும் இணைத்த வாணிகத்தின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தது. 1344ஆம் ஆண்டில் புத்தளத்தில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராயிருந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூத்தா, பின்னர்க் கொழும்பை அடைந்தபோது, அங்குக் கடலாட்சி செய்த தலைவன் ஒருவனிடத்து ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்தனர் என்று எழுதினார். அவர்கள் படைவலிமையாக மதிக்கப்பட்டவர்கள். ஆயினும் அவ்வைந்நூற்றுவருள் ஒருவருடைய பெயரேனும் அவ்வேட்டில் இல்லை. எண் உண்டு, பெயர் இல்லை. இந்நிலை பின்னரும் பன்முறை மீண்டும் வருவதைக் காண்போம்.

பெயர் நின்ற ஆபிரிக்கரும் உளர். அவருள் தலைசிறந்தவன் இந்தியத் தக்காணத்தில் வாழ்ந்த மாலிக் அம்பர். 1548ஆம் ஆண்டளவில் எதியோப்பியாவிற் பிறந்து, இளமையில் அடிமையாக விற்கப்பட்டுப் பல கைம்மாறித் தக்காணத்தை அடைந்த அவன், அகமதுநகர் அரசின் ஆட்சித் தலைவனாக உயர்ந்து, 1626இல் இறக்கும்வரை முகலாயப் பேரரசின் தென்திசைப் படர்ச்சியைத் தடுத்து நின்றான். 1610ஆம் ஆண்டில் அவன் அமைத்த கட்கி என்னும் நகரமே பிற்காலத்தில் ஔரங்காபாத் எனப் பெயர் பெற்றது. அந்நகருக்கு நிலத்தடிக் கால்வாய் வழியே நீர் கொணர்ந்த அவனது பொறியியற் பணி வரலாற்றறிஞர் போற்றுவது. அடிமையாய் வந்தவனே நகரும் நீர்வழியும் சமைத்தான் என்பது கருதத்தக்கது.

அவனைப் போரில் வெல்ல இயலாத பேரரசன் ஜஹாங்கீர், ஓவியத்தில் வென்றான். அபுல் ஹசன் என்னும் அரசவை ஓவியன் 1616ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியமொன்றில், உலகவுருண்டையின்மீது நிற்கும் ஜஹாங்கீர், ஈட்டி முனையிற் குத்தி நிறுத்தப்பட்ட அம்பரின் தலையை நோக்கி அம்பெய்கின்றான். அது டப்ளின் நகரத்துச் செஸ்டர் பீற்றி நூலகத்தில் உள்ளது. நிகழாத வெற்றியை நிகழ்ந்ததாகக் காட்டும் ஆற்றல் உருவம் படைக்கும் கருவிக்கு உண்டு. யார் கையில் தூரிகை இருந்ததோ அவர் விரும்பியவாறே கறுப்பின வீரனின் முகம் காலத்தில் நின்றது.

ஈழத்திற்கு மீள்வோம். போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658இல் அஃது ஒல்லாந்தர் வசமாயிற்று. இவ்விரு திறத்தாரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் போர்வீரராகவும் இலங்கைக்குக் கொணர்ந்தனர். கொழும்பிலே ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த பகுதியே ஆங்கிலத்தில் அடிமைத் தீவு எனப் பெயர் பெற்றது. தமிழர் அதனைக் கொம்பனித்தெரு என்பர். பின்வந்த ஆங்கிலேயர், ஆபிரிக்கரை விலைக்குப் பெற்றுத் தம் இலங்கைப் படைப்பிரிவுகளிற் சேர்த்தனர். 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது. படைகள் கலைக்கப்பட்டபின், அவ்வீரருட் சிலரின் வழியினர் புத்தளப் பகுதியில் நிலைத்தனர். புத்தளத்தை அடுத்த சிறாம்பியடி என்னும் சிற்றூரில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

அவர்களுக்கு வழங்கும் பெயரே ஆராய்ச்சிக்குரியது. காப்பிரி என்பது நம்பிக்கையில்லாதவன் எனப் பொருள்படும் அராபியச் சொல்லின் திரிபு. அராபியர் அதனைத் தம் சமயஞ் சாராத ஆபிரிக்கர்க்கு வழங்க, போர்த்துக்கேயர் அவர்பாற் கேட்டுத் தம் அடிமைகளுக்கு இட்டனர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனையே ஏட்டில் எழுதினர். தென்னாபிரிக்காவில் அச்சொல் கொடிய வசையாகக் கருதப்பட்டு விலக்கப்பட்டது. இலங்கையிலோ அம்மக்கள் அதனையே தம் இனப்பெயராக ஏற்று வழங்கி வந்துள்ளனர். பெயரிட்டோர் பிறர், பெயரைச் சுமந்தோர் வேறு. 1871இல் இலங்கையின் முதலாவது முறையான குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. முற்கால மதிப்புகளில் தனியினமாகக் குறிக்கப்பட்ட இவர்கள் பிற்காலத்தில் ஏனையோர் என்னும் பொதுப்பிரிவுள் மறைந்தனர். மக்கள் மறையவில்லை, பட்டியலில் அவர்க்குரிய கட்டமே மறைந்தது.

தமிழர்க்கும் இந்நிலை முற்றும் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளருட் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1901ஆம் ஆண்டளவில் தகரச்சீட்டு முறை வந்தபோது, தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகரத்துண்டு ஒவ்வொரு தொழிலாளிக்கும் அளிக்கப்பட்டது. ஊரும் பேரும் உறவும் உடையவன் ஒரு தகரத்துண்டின் எண்ணாக எழுத்தரின் ஏட்டில் ஏறினான். அடிமைமுறையும் ஒப்பந்தக் கூலிமுறையும் ஒன்றல்ல; ஆயினும் மனிதனை எண்ணாக்கும் கருவியின் இயல்பு இரண்டிடத்தும் ஒன்றே.

இத்தகைய பதிவுகளுக்கு எதிராகச் சிறாம்பியடி மக்கள் காத்த பதிவேடு யாது? பாட்டே அப்பதிவேடு. மஞ்சா எனப்படும் அவர்தம் பாடல்கள் இலங்கைப் போர்த்துக்கேயக் கலப்புமொழியில் அமைந்தவை. ரபானும் மத்தளமும், தேங்காய்ச் சிரட்டையும், கரண்டி கொண்டு தட்டும் கண்ணாடிப் போத்தலும் தாளம் தருவன. மெல்லத் தொடங்கி, சில அடிகளையே திரும்பத் திரும்பப் பாடி, விரைவு ஏற ஏற ஆடலாய் முடிவது அதன் முறை. அன்றாடப் பேச்சில் அம்மொழி தேய்ந்து, சிங்களமும் தமிழும் அவ்விடத்தைப் பெற்றபின்னும் பாட்டில் அது நின்றது. பைலா எனப்படும் இலங்கைப் பொதுமக்கள் இசையின் வேர்களுள் ஒன்று காப்பிரிஞ்ஞா என்னும் இவ்வாடற்பாட்டு மரபு. 1970களில் சிலோன் மனோகர் எனப் புகழ்பெற்ற ஏ. ஈ. மனோகரன் பாடிய சுராங்கனி என்னும் பைலாப் பாட்டு இசைத்தட்டின் வழியே தமிழகமெங்கும் பரவியது. அதனைக் கேட்டு ஆடினோருட் பெரும்பாலார் அத்தாளத்தின் பின்னே ஆபிரிக்கக் கால்கள் ஆடியமை அறியார். கருவி ஓசையை எடுத்துச் சென்றது. உரியோரின் பெயரை எடுத்துச் செல்லவில்லை.

இனி, மேலைநாட்டிற் கறுப்பின மக்கள் கருவியைத் தம் கையிற்கொண்ட வரலாற்றை நோக்குவோம். அதன் தொடக்கம் நிழற்படத்தில் உளது. நியூயோர்க் மாநிலத்தில் அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற சோஜர்னர் துரூத் அம்மையார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் அவர் தம் நிழற்படங்களைத் தாமே எடுப்பித்து, 1864இல் அவற்றுக்குத் தம் பெயரிற் பதிப்புரிமை பெற்று, அவற்றை விற்று அடிமை ஒழிப்புப் பணியை நடத்தினார். தம் உடல் ஒருகால் பிறரால் விற்கப்பட்டதாகலின், தம் உருவத்தைத் தாமே விற்கும் உரிமை அவர்க்கு எத்துணைப் பெரிதென்பது எண்ணத்தக்கது. அவர் காலத்தவராகிய பிரடெரிக் டக்ளஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கருள் மிகப் பலமுறை நிழற்படமெடுக்கப்பட்டவர் என்பர் ஆய்வாளர். கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய கேலிச்சித்திரங்களுக்கு எதிராக, மாண்புடைய முகத்தை உலகின் முன் வைப்பதே அவர் நோக்கமாயிருந்தது.

ஆயினும் கருவியே நடுவுநிலை வழுவியதாயின் என் செய்வது? இருபதாம் நூற்றாண்டிலே வண்ணப்பட நிலையங்கள் நிறத்தைச் செம்மை செய்ய ஷெர்லி அட்டை எனப்பட்ட மாதிரிப் படமொன்றைப் பயன்படுத்தின. அதிலிருந்தவள் வெண்ணிறப் பெண். அவளது தோல் செவ்வனே தோன்றினாற் போதும் எனப் படச்சுருள் அமைக்கப்பட்டமையின், கருநிற முகங்கள் இருளில் மூழ்கின. கண்ணும் பல்லுமே தெரிந்தன. சொக்கலேற்று உற்பத்தியாளரும் மரத்தளபாட வணிகரும் தம் பொருள்களின் பழுப்பு நிறவேறுபாடு படத்திற் சரியாக விழவில்லை என முறையிட்ட பின்னரே படச்சுருள் திருத்தம் பெறத் தொடங்கிற்று. மனிதரின் முறையீட்டினும் பண்டத்தின் முறையீடு விரைந்து செவியேறியது.

கணினியும் இணையமும் வந்தபோது, அங்கு உடலில்லை, நிறமில்லை, ஆகவே இனவேற்றுமையும் இல்லை எனப் பலர் நம்பினர். அந்நம்பிக்கையைச் சோதித்தவர்கள் கலைஞரே. 2001ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், கீத் ஒபாடிக்கே, மெண்டி ஒபாடிக்கே என்னும் இணையர், கீத் என்பாரின் கறுப்புத்தன்மையை ஈபே என்னும் இணைய ஏலத்தளத்தில் விற்பனைக்கு இட்டனர். அப்பொருளால் விளையும் பயனும் ஏதமும் பண்ட விளம்பரம் போன்றே வரிசையாக எழுதப்பட்டன. 10 டொலரில் தொடங்கிய ஏலம் 12 கேள்விகளில் 152.50 டொலரை எட்டியது. நான்கு நாளில் அது தகாதது எனக் கூறி நீக்கப்பட்டது. ஏலத்தில் விற்கப்பட்ட மக்களின் இனத்தைச் சார்ந்த ஒருவர், ஏலக் கருவியைத் தாமே இயக்கி, பழைய சந்தை புதிய உருவில் நிற்றலைக் காட்டினார். சிரிப்பூட்டுவது போன்ற அச்செயலின் உள்ளே பெருந்துயரம் உண்டு.

அதன்பின் முகத்தை ஆராயும் பொறிகள் தோன்றின. கானா நாட்டுப் பெற்றோர்க்குப் பிறந்த ஜோய் புவொலம்வினி அம்மையார், மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராயிருந்த காலத்தில், தம் முகத்தைக் கணினி முகமாகவே கண்டுகொள்ளாமையையும், வெள்ளை முகமூடி அணிந்தவுடன் கண்டுகொண்டமையையும் கண்டார். 2018இல் அவரும், எதியோப்பியாவிற் பிறந்த திம்னித் கெப்ரு அம்மையாரும் வெளியிட்ட ஆய்வு உலகறிந்தது. ருவாண்டா, செனகல், தென்னாபிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய ஆறு நாடுகளின் பாராளுமன்ற உறுப்பினர் 1,270 பேரின் முகங்களைக் கொண்டு, ஆணா பெண்ணா எனக் கூறும் மூன்று வணிகப் பொறிகளை அவர்கள் சோதித்தனர். வெண்ணிற ஆடவரிடத்துப் பிழை 0.8 விழுக்காட்டைக் கடக்கவில்லை. கருநிற மகளிரிடத்து அது 34.7 விழுக்காடு வரை உயர்ந்தது. பொறியைப் பயிற்றிய படத்தொகுதிகளில் வெண்ணிற ஆடவர் முகங்கள் மிக்கிருந்தமை இதற்கு முக்கிய காரணம். ஷெர்லி அட்டையின் பிழை கணினியுள் மறுபிறப்பெடுத்தது.

புவொலம்வினி இவ்வாய்வை எண்களோடு நிறுத்தவில்லை. அதே ஆண்டில் அதனைக் கவிதையும் படமும் கலந்த ஒரு கலைப்படைப்பாகவும் ஆக்கினார். புகழ்பெற்ற கறுப்பினப் பெண்டிர் பலரின் முகங்களைப் பொறிகள் ஆண் எனக் கூறுவதை அதிற் காண்கின்றோம். அம்முகங்களுள் சோஜர்னர் துரூத்தின் முகமும் ஒன்று. தம் உருவத்திற்குத் தாமே உரிமை பெற்ற அவ்வம்மையாரை, ஒன்றரை நூற்றாண்டின் பின்னரும் பொறி பிறழவே கண்டது.

குறையைச் சுட்டுதல் ஒரு பணி. மாற்றுவழியைச் சமைத்தல் மற்றொரு பணி. பின்னதை மேற்கொண்டவர் ஸ்தெபனி டின்கின்ஸ். 1964ஆம் ஆண்டிற் பிறந்த இவர் நியூயோர்க் நகரைச் சார்ந்த ஸ்டேட்டன் தீவில் வளர்ந்தார். வெள்ளையர் மிக்க அச்சூழலில், அவர்தம் பாட்டியார் வளர்த்த பூந்தோட்டம் அயலாரை நட்பாக்கியது. கலை மக்களைப் பிணிக்கும் செயல் என்பதனைத் தாம் அங்கேயே கற்றதாக டின்கின்ஸ் கூறுவார். அவர் முறைப்படி பயின்றது நிழற்படக் கலை, கணினியியல் அன்று. பின்னர் ஸ்ரோனி புறூக் பல்கலைக்கழகத்தில் கலைப் பேராசிரியரானார்.

2014ஆம் ஆண்டில் அவர் பீனா48 என்னும் பேசும் பொறியோடு உரையாடத் தொடங்கினார். 2010இல் அமைக்கப்பட்ட அப்பொறி, ஒரு கறுப்பினப் பெண்மணியின் தலையும் தோளும் போன்ற உருவம் உடையது. உருவங் கண்டு உறவுகொள்ள விழைந்த டின்கின்ஸ், அதன் உற்றார் யாவர் என வினாவினார். இனம் பற்றியும் உறவு பற்றியும் அது அளித்த விடைகள் அவர்க்கு நிறைவு தரவில்லை. முகம் கறுப்பினத்தது, அறிவின் உள்ளீடோ பெரும்பாலும் வேற்றோர் அமைத்தது. தோலைப் போர்த்திய அளவில் ஒரு மரபின் குரல் வந்துவிடாது என்பது அவ்வுரையாடலின் பயன்.

ஆகவே அவர் தாமே ஒரு பொறியைச் சமைத்தார். 2018இல் வெளிப்பட்ட அப்படைப்பின் பெயர் தனியள் அல்லள் எனப் பொருள்படுவது. தம் குடும்பத்தின் மூன்று தலைமுறையைச் சார்ந்த மூன்று பெண்டிரின் வாய்மொழி வரலாற்றை ஒலிப்பதிவு செய்து, அதனையே அப்பொறியின் கல்விக்கு அடிப்படையாக்கினார். சிற்பவடிவில் அமைந்த அதனிடம் வினாவுவோர்க்கு, அது அக்குடும்பத்தின் நினைவிலிருந்து விடையிறுக்கும். பெருநிறுவனங்கள் இணையத்திலிருந்து வாரிக்குவிக்கும் அளவிறந்த தரவை அவர் கொள்ளவில்லை. உரியோர் விரும்பித் தந்த சிறுதரவே போதும் எனத் துணிந்தார். அதன் விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. பொறி சிற்சில வேளை சொன்னதையே சொல்லும், வினாவொன்றிருக்க விடை வேறொன்றாகும், குழந்தைபோல மழலும். அக்குறையை அவர் மறைக்கவில்லை. பிறர் சொல்லைப் பிழையின்றி ஒப்பிக்கும் பொறியினும், தன் குடியின் சொல்லைத் தடுமாறிப் பேசும் பொறி மேல் என்பதே அவர் கருத்துப்போலும்.

2021இல் அவர் வெளியிட்ட மறைந்த தோட்டம் என்னும் பொருளுடைய படைப்பு இன்னும் விரிந்தது. பூக்களினிடையே உலவுவார்க்கு, அடிமைக் காலத்திலிருந்து நம் காலம் வரை வாழ்ந்த கறுப்பினப் பெண்டிரின் கதைகள் ஒலிக்கும். பாட்டியாரின் தோட்டம் பேத்தியின் கணினியிற் பூத்தது. அவர்தம் பணிக்காக 2023ஆம் ஆண்டில், தொழில்நுட்பக் கலைக்கென நியூயோர்க் குகன்ஹைம் கலைக்கூடத்துடன் இணைந்து நிறுவப்பெற்ற 100,000 டொலர் பரிசின் முதற் பேறு அவர்க்கு வழங்கப்பட்டது.

இவ்வியக்கத்தின் எல்லையையும் கூறாதொழிதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. கலைக்கூடத்தில் ஒரு பொறி ஒரு குடும்பத்தின் குரலிற் பேசுவதனால், கடன் கொடுப்பதா மறுப்பதா எனத் தீர்மானிக்கும் பொறியோ, குற்றவாளி யாவன் எனச் சுட்டும் பொறியோ தானே திருந்திவிடாது. மேலும், வாய்மொழியைக் கணினிக்குக் கொடுத்தபின் அதன் உரிமை எவரிடத்து நிற்கும் என்பதும் எளிதில் விடைகாணத்தக்கதன்று. ஆபிரிக்கத் தாளம் பெயரின்றி இசைத்தட்டேறிய கதை கணினியிலும் நிகழலாம். எனினும், வேறொரு பொறி அமைதல் கூடும் என்பதை ஒருவர் செய்து காட்டிய பின்னர், இப்பொறி இவ்வாறே இருக்கவேண்டும் என்னும் வாதம் வலியிழக்கின்றது. கலையின் பயன் அதுவே.

தமிழரிடத்தும் இத்தகைய வினாக்கள் எழத் தொடங்கியுள்ளன. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றி ஐரோப்பாவில் பணிபுரியும் கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ் என்னும் கலைஞர், 2019இல் வெளியிட்ட காணொளிப் படைப்பில், கணினியாற் புனையப்பட்ட முகங்களைப் பேசவைத்து, 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் இலங்கையில் வளர்ந்த கலைச்சந்தையையும், மனிதன் என்பதன் பொருளையும் வினாவுக்கு உட்படுத்தினார். கறுப்பின மக்களின் வரலாறும் தமிழர் வரலாறும் வெவ்வேறு. ஒன்றின் துயரை மற்றொன்றின் உவமையாக்கித் தன்வயப்படுத்தல் முறையன்று. ஆயினும் தம்மைப் பற்றிய உருவத்தைப் பிறர் ஆக்கித்தரும் நிலையில் இருக்கும் மக்கள் யாவரும் ஒருவரிடத்து ஒருவர் கற்கத்தக்கன பல.

கற்கத்தக்கன யாவை? பதிவேட்டில் கட்டம் இல்லாமையால் ஒரு மக்கள் இல்லாதவராகார். ஆயின் நெடுங்காலம் அவர்தம் குரல் பதியப்படாதுவிடின், பின்வருவோர்க்கு அவர் இல்லாதவர் போன்றே தோன்றுவர். சிறாம்பியடியின் மஞ்சாப் பாடல்களை வெளியார் பலர் வந்து ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் செய்துள்ளனர். அவை நன்றிக்குரியன. ஆயினும் டின்கின்ஸ் தம் பொறியிடம் கேட்ட வினா அங்கும் பொருந்தும்: இக்குரலுக்கு உரியவர் யாவர்? அம்மக்களின் இளைஞர் தம் பாட்டிமாரின் சொல்லைத் தாமே பதிந்து, தாமே பொருள்கூறி, தாமே காக்கும் நாளிலேயே அவ்வினாவுக்கு முழுவிடை கிடைக்கும்.

மன்னார்க் கரைக்கும் இது பொருந்துவதே. முத்துக்குளிப்பின் சொற்களும், கடற்றொழிலாளர் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இட்ட பெயர்களும், இடம்பெயர்ந்து மீண்ட குடிகளின் நினைவுகளும் இன்று பெரும்பாலும் முதியோர் நாவிலேயே உள்ளன. நாளைய பொறி மன்னாரைப் பற்றி வினாவுவார்க்கு விடைகூறும். அவ்விடை இக்கரையோரின் சொல்லால் அமையுமா, இக்கரையைக் காணாதார் சொல்லால் அமையுமா என்பது, இன்று பாட்டியின் அருகிலமர்ந்து கேட்கும் பேரனையும் பேர்த்தியையும் பொறுத்தது. அதற்குப் பெருஞ்செல்வமோ பேராய்வுக்கூடமோ முதலில் வேண்டுவதில்லை. கேட்கும் செவியும், எழுதும் கையும், சொன்னவர் பெயரைச் சொல்லோடு சேர்த்துப் பதியும் நேர்மையும் வேண்டும்.

பள்ளிமுனைப் பெருக்கமரம் பேசாது. அதன் பொந்தில் எந்தப் பாணனும் வைக்கப்படவில்லை. ஆயினும் பல நூற்றாண்டு வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கி, வந்த நாட்டின் உருவம் மாறாது, நின்ற நாட்டின் மண்ணில் வேரூன்றி அது நிற்கின்றது. வந்தேறிய மக்கள் பலரின் வரலாறு அத்தகையதே. மரத்திற்கு வாய்க்காத நா மாந்தர்க்கு வாய்த்துள்ளது; இக்காலத்திற் பொறிக்கும் வாய்த்துள்ளது. அந்நாவில் எவர் சொல் ஏறும் என்பதே இந்நூற்றாண்டின் வரலாற்று வினாவாகும்.